கண் அழுத்தம்: ஓர் எண்ணை மட்டும் வைத்து ‘கண் நல்லா இருக்கு’ என்று எழுதித் தர மாட்டோம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கண் பரிசோதனை முகாம்களில் வேலை செய்யும் கண் மருத்துவ உதவியாளர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. கண் அழுத்தத்தை அளக்கும் டோனோமீட்டர்களில் கையில் எடுத்துப் போகிற வகை வந்துவிட்டது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று கல்வராயன் மலை ஊர்களுக்கு ஒன்றைக் கொண்டுபோய், 40 வயது தாண்டிய எல்லோருக்கும் கண் அழுத்தம் பார்த்துவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் டோனோமீட்டர் மட்டும் தனியாக மலையேறக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. பார்வை நரம்பைப் பார்க்கும் கருவியும், பார்த்துச் சொல்லத் தெரிந்தவரும், மறுபரிசோதனைக்கு ஆட்களைக் கீழே அழைத்து வர வண்டியும் கூடவே போக வேண்டும். அப்படி இல்லாத முகாமில், அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘கண் நல்லா இருக்கு’ என்று யாருக்கும் சீட்டு எழுதித் தர மாட்டோம்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிகிறது. வடியும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை மெல்ல அரிக்கும். இதைத்தான் கிளாக்கோமா, கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை வழக்கமான அளவு என்று புத்தகங்கள் சொல்கின்றன. இந்த 21 பலரையும் ஏமாற்றிவிடுகிறது. ஜப்பானின் தாஜிமி நகரில் 40 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், திறந்த கோண வகை (நீர் வடியும் கோணம் மூடாமலேயே வரும் வகை) கிளாக்கோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21-ஐத் தாண்டவில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 24 முதல் 32 வரை அழுத்தம் இருந்தும் நரம்பு கெடாதவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சிகிச்சை தராமல் விட்டவர்களில் ஐந்தாண்டில் நோய் வந்தது 9.5 சதவீதம் பேருக்கு. சொட்டு மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு. மருந்து ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. ஆனாலும் அளவு கூடுதலாக இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் காலத்துக்குள் நோய் வரவில்லை. ஆகவே 18 என்று வந்தால் நிம்மதியும் இல்லை, 25 என்று வந்தால் குருடாகிவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். இரண்டு பேருக்கும் அடுத்து நரம்பைப் பார்த்தாக வேண்டும்.

இந்தத் திறந்த கோண வகை வலிக்காது. ஓரப் பார்வையைத் தின்றுவிட்டுத்தான் நடுவுக்கு வரும். சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வின் கிராமப்புறப் பகுதியில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1.62 சதவீதம் பேருக்குத் திறந்த கோண வகை இருந்தது. அவர்களில் 98.5 சதவீதம் பேருக்கு அதுவரை யாரும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கவில்லை. சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்களிலேயே இதுதான் நிலைமை என்றால் மலைமேல் எப்படி இருக்கும் என்பதை வாசிப்பவர்களே ஊகிக்கலாம்.

பார்வை நரம்பு கெட்டால் திரும்பாது என்பதை எங்கள் மாவட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பார்வை போனவர்கள் உண்டு. மெத்தனால் ஓரிரு நாளில் செய்வதை கிளாக்கோமா பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்யும். அந்தச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெத்தனால் கெடுத்த நரம்பும் சில சமயம் கிளாக்கோமா நரம்பு மாதிரியே குழிவிழுந்து தெரியும்.

அளவெடுக்கும் இடத்தில் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்து, மரத்துப்போக ஒரு சொட்டு விடுவார்கள். கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். மஞ்சள் சாயம் தடவிய பிறகு, நீல வெளிச்சத்தோடு ஒரு சின்ன முனை கருவிழியைத் தொடும். பார்ப்பவருக்கு உள்ளே இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். திருகைத் திருப்பி அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்படி நிறுத்தினால் வருகிற எண்தான் உங்கள் அழுத்தம். கோல்ட்மன் முறை என்கிற இதுவே இன்றும் உரைகல். காற்றடித்துப் பார்ப்பதும், கையில் பிடித்துத் தட்டிப் பார்ப்பதும் முகாமுக்கு உதவும். அவற்றில் அளவு கூடுதலாக வந்தால் கோல்ட்மன் முறையில் மறுபடி பார்க்க வேண்டும்.

பயந்து கண்ணை இறுக்கினால் அளவு ஏறும். மூச்சை அடக்கினாலும், கழுத்துப் பட்டனை இறுக்கிப் போட்டிருந்தாலும் ஏறும். இமையைத் தூக்குகிறவர் விரலை எலும்பின் மேல் வைக்காமல் கண்மேல் அழுத்தினாலும் ஏறும். அது எங்கள் பக்கத்துத் தவறு, அப்போது ‘மறுபடி பாருங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள். கருவிழி மெலிந்தவர்களுக்குக் கருவி குறைத்துக் காட்டும், தடித்தவர்களுக்குக் கூட்டிக் காட்டும். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு என்று நாளுக்குள்ளேயே மாறும். அதனால் எங்கள் சீட்டில் இரண்டு கண்ணின் எண், பார்த்த நேரம், பார்த்த கருவி மூன்றும் எழுதப்படும். அந்தச் சீட்டு உங்களுடையது, பத்திரமாக வைத்திருங்கள். இன்னொன்று: ரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் கண் தப்பித்துவிடாது.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பவை இரண்டு பழக்கங்கள். கரும்பு வெட்டும்போது சோகை கண்ணில் கீறிவிட்டால், கண் சிவந்தால், மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால் சிவப்பு உடனே குறையும், ஆளுக்கும் நம்பிக்கை வந்துவிடும். அதையே மாதக்கணக்கில் போடும்போது சிலருக்கு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது. கீறலில் பூஞ்சை பிடித்திருந்தால் புண்ணும் முற்றும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்பதை மருந்துக்கடைக்காரர்கள் நிறுத்த வேண்டும்.

அடுத்தது, ‘புரை நல்லா முத்தட்டும், அறுவடை முடியட்டும்’ என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது. முற்றிய புரை உப்பி, நீர் வடியும் வழியை அடைத்துவிடும். கண் சிவந்து, மண்டை வெடிக்கிற மாதிரி வலித்து, வாந்தி வரும். பித்தம் என்று கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தால் நரம்பு போய்விடும். அதன் பிறகு புரையை எடுத்தும் பயனிருக்காது. கண் வலியோடு வாந்தியும், விளக்கைச் சுற்றி வண்ண வளையமும் தெரிந்தால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள். இது அவசரம்.

அரசிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. 2022-இல் திறக்கப்பட்ட சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மலையிலிருந்து வருபவர்களுக்கு அழுத்தம், நரம்பு, பார்வைப் புலம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டும். கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்து, ‘நாளைக்கு வா’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர் மறுநாள் வர மாட்டார். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது குடும்பத்தில் ஓடுகிற நோய்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கிளாக்கோமா சொட்டு மருந்தும் ஆயுள் முழுக்கப் போட வேண்டியதுதான். அதுவும் அந்த மாத்திரைகளோடு வர வேண்டும். இந்தச் சொட்டு மருந்துகளில் ஒன்றான டிமோலாலைக் கொடுக்கும் முன் வீசிங் இருக்கிறதா, நாடித்துடிப்பு குறைவா என்று கேட்டே கொடுக்க வேண்டும். கண்ணில் விட்ட சொட்டு உடம்புக்குள் போய் மூச்சுத்திணறலைக் கூட்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லித் தர வேண்டும். லட்டனோபிராஸ்ட் போன்ற சில சொட்டு மருந்துகளைத் திறக்கும்வரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதால், ஃப்ரிட்ஜ் இல்லாத மலைவீடுகளுக்கான இருப்பை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்து மாதம் ஒரு குப்பியாகத் தரலாம். அந்த விநியோகப் பட்டியலை வைத்து, மருந்து வாங்க வராதவர்களின் வீட்டுக்குப் போய் விசாரிக்கும் வேலையை எங்கள் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.