ஜீன் ரிப்போர்ட் ஜாதகம் அல்ல!

"டாக்டர், இன்னும் எத்தனை நாள்?"

கேன்சர் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் முதல் கேள்வி இது. முன்பெல்லாம் கட்டியின் அளவையும் அது பரவியிருக்கும் இடங்களையும் வைத்து டாக்டர் ஒரு பதில் சொல்வார். இப்போது கூடவே ஜீன் ரிப்போர்ட்டும் வருகிறது. 'ஏ.ஆர்.ஐ.டி.1ஏ', 'பி.பி.ஆர்.எம்.1', 'பாப்-1' என்று பஸ் ரூட் நம்பர் மாதிரி பெயர்கள். பக்கத்திலேயே 'பழுது' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான்... "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறோம்.

உட்காராதீர்கள். அது உங்கள் தலையெழுத்து இல்லை. ஏன் என்று பார்க்கலாம்.

கலைந்துபோன பீரோ

நம் உடம்பில் ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அதை வைத்திருக்கும் உட்கருவோ மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்! அதற்குள் அடங்குவதற்காக, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகள் மேல் டி.என்.ஏ. நூல்கண்டு போலச் சுற்றப்பட்டிருக்கிறது. இந்தச் சுருட்டலுக்குப் பெயர்தான் குரோமட்டின்.

உங்கள் வீட்டு பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்த புடவை உடனே கைக்கு வரும். அடியில் அமுங்கிக் கிடப்பது வராது. ஜீன்களும் அப்படித்தான். இறுக்கமாகச் சுருண்ட இடத்தில் உள்ள ஜீன் வேலை செய்யாது. தளர்ந்த இடத்தில் உள்ளது வேலை செய்யும். எதை மேலே வைப்பது, எதை அடியில் தள்ளுவது என்று அடுக்கி மாற்றுவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. அவற்றை உண்டாக்குபவைதான் குரோமட்டினை மாற்றியமைக்கும் ஜீன்கள்.

அவை பழுதானால்? புடவை எதுவும் கிழிவதில்லை. ஆனால் அடுக்கு கலைந்துபோகிறது. கட்டியை அடக்கிவைக்கும் ஜீன் அடியில் மாட்டிக்கொள்ளும். செல்லைப் பெருகச் சொல்லும் ஜீன் மேலே வந்துவிடும்.

இது அபூர்வமும் இல்லை. சினைப்பையில் வரும் 'க்ளியர் செல்' வகைக் கேன்சரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏ.ஆர்.ஐ.டி.1ஏ பழுதாகியிருப்பது 2010ல் தெரிந்தது. அதே பெயருள்ள சிறுநீரகக் கேன்சரில் பத்துக்கு நாலு பேருக்கு பி.பி.ஆர்.எம்.1 பழுது என்று 2011ல் கண்டார்கள்.

ஒரே ஜீன், இரண்டு பலன்

சரி, இதை வைத்து ஆயுளைச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அமெரிக்காவில் டாலஸ் நகர ஆய்வாளர்கள் சிறுநீரகக் கேன்சர் நோயாளிகளை ஆராய்ந்து 2013ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பி.பி.ஆர்.எம்.1 பழுதானவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுப்புள்ளி 10.6 வருஷம். பாப்-1 பழுதானவர்களுக்கு 4.6 வருஷம்தான்.

"அப்போ பாப்-1ன்னா நாலரை வருஷம்தானா?" என்று பதறாதீர்கள். நடுப்புள்ளி என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். ஹார்வர்டு பேராசிரியர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982ல் வயிற்றின் உள்சவ்வில் மீசோதீலியோமா என்ற கேன்சர் வந்தது. அந்த நோய்க்கு அப்போது சொல்லப்பட்ட நடுப்புள்ளி 8 மாதம். அவர் வாழ்ந்ததோ இன்னும் 20 வருஷம்! 2002ல் அவர் இறந்ததும் வேறொரு கேன்சரால்தான்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். இதே மீசோதீலியோமாவில், பிறவியிலேயே பாப்-1 பழுதோடு இருந்தவர்கள் மற்ற நோயாளிகளைவிட அதிக காலம் வாழ்ந்ததாக 2015ல் ஓர் ஆய்வு சொன்னது. சிறுநீரகத்தில் கெட்ட சகுனமாகத் தெரிந்த ஜீன், இங்கே வேறு பலன் சொல்கிறது. அப்படியிருக்க, வெறும் ஜீன் பெயரைப் பார்த்து ஆயுளைக் கணிப்பது எப்படி? எந்த உறுப்பு, எந்த நிலை, உடம்பில் தெம்பு எவ்வளவு, என்ன சிகிச்சை - எல்லாம் சேர்ந்ததுதான் பதில்.

பெண்ணுக்கும் வருமா?

வீட்டில் கல்யாண வயசுப் பெண் இருந்தால் அடுத்த பயம் இது. பெரும்பாலும் இந்தப் பழுதுகள் கட்டியில் மட்டுமே பிறகு உண்டானவை. பிள்ளைகளுக்குப் போகாது. பாப்-1 போன்ற சிலவற்றில் பிறவிப் பழுதும் உண்டு. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதை மரபியல் டாக்டரிடம் கேளுங்கள். சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள்!

நான் ஜீன் டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நுரையீரல் கேன்சரில் ஈ.ஜி.எஃப்.ஆர். பழுது தெரிந்தால் கொடுக்கிற மருந்தே மாறுகிறது. அங்கே டெஸ்ட் அவசியம். ஆனால் 'இன்னும் எத்தனை நாள்' என்று தெரிந்துகொள்ள மட்டும் நகையை அடகு வைத்துப் பல ஆயிரம் செலவழிப்பதில் அர்த்தமில்லை என்பதே என் கட்சி. அந்தப் பணம் மருந்துக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் உதவும்.

டெஸ்ட்டுக்கு எழுதித் தரும்போதே டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் முடிவால் சிகிச்சை மாறுமா? இந்த உறுப்பில், இந்த நிலையில் இந்த ஜீனுக்கு என்ன அர்த்தம்? பழுது பரம்பரையானதா, கட்டியில் மட்டுமா?

முதல் கேள்விக்கு 'மாறும்' என்று பதில் வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். 'மாறாது' என்றால் கொஞ்சம் யோசியுங்கள். எதுவானாலும் ரிப்போர்ட்டை நோயாளியிடம் ஒளிக்காதீர்கள். உடம்பு அவருடையது. அந்த மூன்று கேள்விகளையும் முதலில் கேட்க வேண்டியவரே அவர்தான்.