பாதயாத்திரைக்கு முன் ஒரு பாதயாத்திரை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பழனிக்கு நடந்து போகிறேன் என்று யாரேனும் சொன்னால், "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று கேட்கிறோம். "எத்தனை நாளாய் நடந்து பழகியிருக்கிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டே தீரவேண்டும் என்பதற்காகத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். பக்தி விஷயத்தில் கருத்துச் சொல்ல இருபது வயதுப் பையனுக்கு என்ன தகுதி என்று பேராசிரியப் பெருமக்கள் நினைக்கலாம். பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. பாதத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

என் தாயார் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரை மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை, ஒன்றரை ஷிப்ட். பன்னிரண்டு வயதில் கைமடிக்குப் போனவர். அன்று முதல் இன்று வரை அவர் நடந்த நடையெல்லாம் வீட்டிலிருந்து கம்பெனிக்கும், கம்பெனியிலிருந்து வீட்டுக்கும், நடுவில் ரேஷன் கடைக்கும்தான். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் அந்த வேண்டுதல் அவருக்குச் சிறு காரியம் அன்று.

நான் முதலாண்டு படித்தபோது, தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் புறப்பட்டார்கள். சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்து, குளித்து, பச்சைச் சேலை கட்டி, வெறுங்காலோடு அம்மாவும் கிளம்பிவிட்டார். திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனி ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். குண்டடத்தை எட்டும்போதே இரண்டு பாதங்களிலும் கொப்புளம் உடைந்து, அடியெடுத்து வைக்க முடியாமற் போயிற்று. உடன் வந்தவர்கள் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு மாலை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "முருகன் என்னைய வரவேண்டாம்னு சொல்லிட்டான் கண்ணு" என்று அழுதார். அதன்பின் மூன்று நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்று நாள் சம்பளம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முருகன் திருப்பி அனுப்பிவிட்டான் என்பதை மட்டும் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முருகன் ஒன்றும் சொல்லவில்லை. கால்தான் சொல்லிற்று. கொப்புளம் எப்படி உண்டாகிறது? தோலின் அடுக்குகள் திரும்பத் திரும்ப இழுபடும்போது உள்ளே பிளவு விழுந்து, அங்கே நீர் கோக்கிறது. வியர்வையில் நனைந்த தோலில் உராய்வு இன்னும் கூடும். நாள்தோறும் சிறிது சிறிதாக நடந்து பழகினால் தோலும் அதற்கேற்பத் தடித்துக்கொள்ளும். எண்பது கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அடி வைக்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் சாய்தளத்தின்மேல் மரக்கட்டையை வைத்து உராய்வுக் குணகம் கண்டுபிடிக்கும் நாம், வீட்டில் இருப்பவரின் குதிகாலைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த ஆண்டு கார்த்திகைக் கடைசியில் நாங்கள் இருவரும் நடக்கத் தொடங்கினோம். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் ஆறு மணிக்குள் திரும்பிவிடலாம். பிறகு சமையல் முடித்து எட்டரைக்கு அவர் மெஷினில் இருக்கலாம். முதல் வாரம் இரண்டு கிலோமீட்டர், அடுத்த வாரம் நான்கு. மார்கழிப் பனியில் நம் ஊர் வேறு ஊராக இருக்கிறது, நண்பர்களே! பகலில் ஹார்ன் சத்தத்தில் மூழ்கிக் கிடக்கும் சந்துகளில், இரவு ஷிப்டு நிட்டிங் மெஷின் சுற்றும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. டீக்கடைப் பாய்லரின் ஆவியும் பனியும் கலந்து தெருவிளக்கை மறைக்கின்றன.

நொய்யல் பாலத்தின்மேல் நிற்கும்போது அம்மா ஒருநாள், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலத்தைச் சொன்னார். துணி வராமல் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலையாம். நான் அப்போது சிறு பிள்ளை. ஏன் அடிக்கடி கஞ்சி என்று கேட்டேனாம். இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும், இதையெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எட்டரைக்கு மேல் வீடு திரும்புபவருக்குப் பேசவும் தெம்பு வேண்டுமல்லவா?

ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்தைக் கூட்டினோம். ஒருமுறை நஞ்சராயன் குளம் வரை போனோம். 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற குளம். நம்மில் எத்தனைபேர் பார்த்திருக்கிறோம்? குளிர்காலத்தில் வடக்கே வெகுதூரத்திலிருந்து பறவைகள் வலசை வந்து அங்கே இறங்குகின்றன. அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகின்றன என்று சொன்னேன். "இதுகளுக்கெல்லாம் யாரு வேண்டுதல் வெச்சாங்களோ!" என்று சிரித்தார்.

நாங்கள் நடப்பதைப் பார்த்து ஆட்சேபிப்பவர்களும் உண்டு. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "நம்பிக்கை இருந்தா காலு தானா நடக்கும், பழக்கம் என்னத்துக்கு?" என்கிறார். மாலை போட்டு விரதம் இருக்கிறோமே, அது எதற்கு? நாக்கையும் வயிற்றையும் பழக்கத்தானே? அவற்றுக்கு ஒரு நியாயம், நடக்கப்போகிற காலுக்கு ஒரு நியாயமா? இன்னொரு பக்கம், "பேருந்தில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் பழனி வந்துவிடும், எதற்கு இந்த வேலை?" என்கிறான் என் வகுப்புத் தோழன். அவனுக்கு நான் வாதத்தால் பதில் சொல்ல முடியாது. நானே அவ்வளவாகக் கோயிலுக்குப் போகிறவன் அல்லேன். ஆனால் ஒருவர் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைத்து அதைக் காலால் தீர்க்க விரும்பும்போது, பேருந்துக் கட்டணத்தை நீட்டுவது பதிலாகாது.

உண்மையில், பழகாமல் கிளம்புவது அம்மாவைப் போன்றவர்களின் அலட்சியத்தால் அன்று. நேரம் இல்லை. குன்றக்குடியிலிருந்து காவடியுடன் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பல நாள் நடக்கிறார்கள்; எங்கே தங்குவது, எங்கே உண்பது என்று தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் வார்கரிகள் ஏறக்குறைய 250 கிலோமீட்டரை மூன்று வாரத்தில் கடக்கிறார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வருகிறது. எங்கள் தெருக்காரர்களோ எண்பது கிலோமீட்டரைச் சனி இரவுக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் முடிக்கப் பார்க்கிறார்கள்! ஷிப்மெண்ட் நேரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கேட்டால் மெஷினுக்கு வேறு ஆள் வந்துவிடுவார். இயந்திரம் கொடுத்த ஒருநாள் விடுமுறைக்குள் வேண்டுதலையும் மடித்து வைக்கவேண்டியிருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி, வேண்டியவர்களுக்கு மட்டுமாவது மூன்று நாள் விடுப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் எந்த முதலாளியும் நொடித்துப்போக மாட்டார் என்பது என் தாழ்மையான கருத்து.

இனி, இரவுச் சாலை. கொப்புளம் ஆறிவிடும், இது அப்படியன்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 33 மீட்டர். உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டு நம் பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். நிற்பதற்கு இன்னும் 36 மீட்டர் வேண்டும். மொத்தம் எழுபது மீட்டர். ஈரச்சாலையானால் இன்னும் கூடும். தாழ்த்திய விளக்கொளியில் கரும்பச்சைச் சேலை எழுபது மீட்டர் தொலைவில் தெரியுமா? அந்தச் சேலையோடு, வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையின் இடப்பக்கம் நான்கு பேர் வரிசையாகப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர்பின் ஒருவராக நடக்கவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான் என்று நினைக்கிறேன். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தை மாதத்தில் கோயில்வழிப் பக்கம் இரண்டு இரவு நின்று, போகிறவர்களின் முதுகுப்பையில் ஒளிரும் பட்டையை ஒட்டிவிட்டால் போதும். பேச்சுப் போட்டியில் சாலைப் பாதுகாப்பைப் பற்றி முழங்குவதைவிட அது பயனுள்ளது. (பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.) அம்மா இப்போதைக்கு வெள்ளைப் பனியன் துணியின் கட்டிங் வேஸ்டைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்கிறார். அது ஒளிரும் பட்டைக்கு ஈடாகாது. ஆனாலும் சேலையைவிட முன்னதாகக் கண்ணில் படுகிறது.

சென்ற ஞாயிறு அலகுமலை வரை நடந்தோம். அம்மா வெறுங்காலோடு வந்தார். கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு, இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கொப்புளம் கண்டது எனக்கு. கல்லூரிக்குப் போடும் ஷூவோடு வந்த அறிவாளித்தனத்தின் பலன். அம்மா தோளிலிருந்த பனியன் துணியில் ஒரு துண்டு கிழித்து என் குதிகாலில் சுற்றிக் கட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கொடுவாய் வரைக்கும் போலாங் கண்ணு. நாலு மணிக்கே எழுப்பறேன்" என்றார்.