அருவியோசையும் வேதவசனமும்

மழைக்காலத்தில் அமிர்தி அருவியில் நீர் பெருகினால், ஞாயிறு காலை ஆராதனையில் நம் மாணவர் அமரும் ஆசனங்கள் வெறுமையாகின்றன. வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம், நல்ல நண்பர் குழாம். செல்லவேண்டாமென்று யாம் கூறோம், யாமும் சென்றவரே. ஆயின், "அருவியோசையிலே கடவுளைக் கேட்டோம்" என்று சிலர் சமாதானம் சொல்லும்போது சற்று வழக்காட விரும்புகின்றோம்.

19-ஆம் சங்கீதம் வானத்தின் மகிமையைப் பாடத் தொடங்கி, பாதிவழியில் கர்த்தருடைய வேதத்தின் பக்கம் திரும்பிவிடுகின்றது. சிருஷ்டி வியப்பைத் தரும், ஆனால், "தோழனிடம் பட்ட கடனைத் தீர்த்தாயா?" என்று அருவி ஒருபோதும் வினவாது. அறையில் தனித்து வாசிப்பவனோ தனக்கு இனிய பகுதியையே புரட்டுவான். சபையில் வாசிக்கப்படும் வேதம் நாம் விரும்பாததையும் நம் செவியில் இடுகின்றது. பிரசங்கம் நீள்கின்றதென்னும் குறை எமக்கும் உண்டு. அதனைப் போதகரிடம் சொல்லலாம்.

வள்ளுவர் 40-ஆம் அதிகாரத்தில் கல்வியைக் கூறியும் அமையாது, 42-இல் கேள்வியைத் தனியே வைத்தார். அப்போஸ்தலனாகிய பவுலும் ரோமர் நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில் விசுவாசத்துக்குச் செவியையே வாசலாகக் காட்டுகின்றார். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தபோது எழுத்தறிந்தோர் சிலரே. ஏனையோர் பிறர் வாசிக்கக் கேட்டே அதனை அறிந்தனர். பட்டம் பெறப்போகும் நாம் கேட்பதில் அவர்களுக்குப் பின்தங்கினோம்.

ஆராதனை முடிந்தபின் புறப்பட்டாலும், அமிர்தியில் நீராடிப் பொழுது சாயுமுன் விடுதிக்குத் திரும்பலாம்.