முதலில் தளபாடத்தை வெளியேற்றுவோம்

கிராண்ட்பாஸில் பாடசாலைக்கென்று புதிதாக நிலம் கிடைப்பது அரிது. சிறிமாவோ பண்டாரநாயக்க மாவத்தையை ஒட்டிக் களஞ்சியங்களும் பட்டறைகளும். அவற்றின் பின்னே சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டக் குடியிருப்புகள். 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை வடகொழும்பில் தொடர்மாடிகளை எழுப்பியது. ஆரம்பப் பாடசாலைகளின் வகுப்பறைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

கட்டடக் கோரிக்கையைக் கைவிடக் கூடாது. ஆனால் அது நிறைவேறும்வரை பிள்ளைகள் நெரிசலில் இருக்கவும் தேவையில்லை. இருக்கும் வகுப்பறையிலேயே மீட்கக்கூடிய இடம் உண்டு.

கணக்குப் பார்ப்போம். 20 அடிக்கு 25 அடி அறையில் 40 பிள்ளைகள் என்றால், ஒருவருக்குப் பன்னிரண்டரைச் சதுர அடி. ஒரு மேசையும் கதிரையுமே அதில் ஆறு சதுர அடியைப் பிடித்துவிடும். ஆசிரியர் மேசை, அலுமாரி, புத்தகப் பைகள் போக மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

சிறு வகுப்புகளுக்கு இத்தனை மேசைகள் வேண்டுமா? 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2இல் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம் தந்தது. அடுத்தது செயற்பாடு, மேசை வேலைக்குக் கடைசி இடம். தரம் 5இல்தான் மேசை வேலை முன்னுக்கு வருகிறது. ஆகவே தரம் 1இல் பாதி மேசைகளை எடுத்துவிட்டு, பிள்ளைகளைக் குழுக்களாக மாறி மாறி எழுதவைக்கலாம். மற்றவர்கள் பாயில் இருந்து செயற்படலாம். பாய்கள், பை மாட்டச் சுவரில் கொளுவிகள், ஜன்னலுக்குக் கீழே தாழ்வான தட்டுகள்: இவை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சக்திக்கு உட்பட்டவை.

நல்ல மேசைகளைத் தேவையுள்ள பாடசாலைக்கு அனுப்பலாம். உடைந்தவைதான் சிக்கல். அரச சொத்து என்பதால் காலொடிந்த கதிரையைக்கூட அதிபர் தன்னிச்சையாக அகற்ற முடியாது. வருடாந்தப் பொருள் மதிப்பாய்வு நடந்து, கழிப்பதற்கு அனுமதி வரவேண்டும். கணக்காய்வுக் கேள்விக்கு அஞ்சி, உடைந்தவற்றை ஓர் அறையில் குவித்துப் பூட்டிவைக்கும் அதிபரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வலயக் கல்விப் பணிமனைதான் இதில் முன்வரவேண்டும்.

பாயில் இருத்தினால் படிப்புக் கெடும், புலமைப்பரிசில் போய்விடும் என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். தரம் 5இன் மேசைகளில் யாரும் கைவைக்க வேண்டியதில்லை. அவர்களின் இன்னொரு கவலை நியாயமானது: களனி ஆற்றோரப் பகுதியில் தரை ஈரமின்றிச் சுத்தமாக இருக்கவேண்டும். கையிலுள்ள பணத்தை முதலில் தரையைத் திருத்தவே செலவிடவேண்டும்.

வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்பது இதுதான்: ஆண்டிறுதி விடுமுறையில் கிராண்ட்பாஸ் பாடசாலைகள் அனைத்துக்கும், மொழிமூலம் பாராமல், ஒரே மதிப்பாய்வுக் குழுவையும் ஒரு லொறியையும் அனுப்புங்கள். முடிவுத் திகதியையும் முன்கூட்டியே அறிவியுங்கள். புதிய தவணையில் எத்தனை அறைகள் மீண்டன என்று ஒவ்வொரு பாடசாலையும் பெற்றோருக்குச் சொல்லட்டும். அதன் பிறகும் இடம் போதாத பாடசாலைகள் எவை என்பது தெளிவாகிவிடும். புதிய கட்டடத்துக்கான நிதி முதலில் அவற்றுக்கே போகவேண்டும்.