படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருது? பவானிபூர் மருந்துக்கடை முதல் நியூயார்க் வரை ஒரு பூஞ்சையின் கதை

வேலை மாற்றலாகி கொல்கத்தா வந்து ஆறு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பவானிபூரில் ஒரு பேயிங் கெஸ்ட் அறை. காலையில் நேதாஜி பவன் ஸ்டேஷனில் மெட்ரோ, நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸ், இரவு வியர்வையோடு வீடு.

ஒருநாள் தொடை இடுக்கில் வட்டமாக ஒரு சிவப்புத் திட்டு. ஓரம் தடித்திருக்கிறது, அரிப்பு தாங்க முடியவில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொல்கிறீர்கள். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்து நீட்டுகிறார். மூன்றே நாளில் அரிப்பு போயே போச்சு. பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வருகிறது, இந்த முறை இரண்டு மடங்கு பெரிதாக.

அடுத்த ட்யூப், அடுத்த கடை, அப்புறம் ஒரு டாக்டர், அப்புறம் இன்னொரு டாக்டர். ஒருவர் எக்ஸிமா என்கிறார், இன்னொருவர் அலர்ஜி என்கிறார். மாதங்கள் ஓடுகின்றன. மீட்டிங்கில் உட்கார முடியவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, யாரிடமும் சொல்லவும் கூச்சம்.

இது உங்கள் கதை மட்டும் இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்களின் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இது.

அந்த ட்யூபில் என்னதான் இருக்கு?

கடையில் கேட்காமலே கிடைக்கும் பல கிரீம்கள் ஒரு 'கலவை சாதம்'. பூஞ்சையைக் கொல்ல ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு ஆன்டிபயாடிக், கூடவே குளோபீட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஒரு ஸ்டீராய்டு.

படர்தாமரைப் பூஞ்சை நம் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. சிவப்பும் அரிப்பும் அதை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் மூன்று நாளில் 'குணமான' மாதிரி தெரிகிறது. காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டால் வீட்டில் சத்தம் இருக்காதுதான், ஆனால் திருடன் உள்ளேயேதான் இருக்கிறான். எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை நிதானமாகப் படர்கிறது.

டாக்டர்களே ஏன் குழம்புகிறார்கள்?

படர்தாமரையை அடையாளம் காட்டுவதே அதன் வட்ட ஓரம்தான். ஸ்டீராய்டு பூசப் பூச அந்த ஓரம் மங்கி, வட்டத்துக்குள் வட்டமாக, பார்க்க வேறு ஏதோ நோய் மாதிரி ஆகிவிடுகிறது. இந்த மாறுவேடத்துக்கு 1968-லேயே 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வேடத்தைக் கலைக்க எளிய பரிசோதனை உண்டு. திட்டின் ஓரத்தில் தோலை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. செலவும் குறைவு, நேரமும் குறைவு. ஆனால் நெரிசலான கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்தான் என்றால், இதுவே விட்டுப்போகும்.

பூஞ்சையும் மாறிடுச்சா?

ஆமாம். முன்பெல்லாம் டெர்பினாஃபைன் மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும். இப்போது இந்தியாவில் பரவலாக இருக்கும் பூஞ்சையில், அந்த மருந்து தாக்க வேண்டிய நொதியின் மரபணுவிலேயே மாற்றம் வந்திருக்கிறது. பூட்டு மாறிவிட்டது, பழைய சாவி திறக்காது. இந்திய, நேபாள நோயாளிகளிடம் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-ல் இதைத் தனி இனமாகப் பிரித்து, 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் நாட்டின் முதல் இரண்டு நோயாளிகளைப் பற்றி அறிவித்தது. இருவரும் நியூயார்க்கில் வசித்த பெண்கள். ஒருவர் பங்களாதேஷ் போய் வந்தவர். மற்றவர் சமீபத்தில் வெளிநாடே போகாதவர். அதாவது, பூஞ்சை அங்கேயே பரவத் தொடங்கியிருக்கலாம். நம் தெருமுனையில் வளர்ந்த பிரச்சினை இப்போது உலகப் பிரச்சினை.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு கிரீம்கள் 'அட்டவணை எச்' பட்டியலுக்குள் வந்தன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அதில் ஸ்டீராய்டு கலந்த சில தோல் கிரீம்களும் உண்டு.

ஆனால் கவுன்டரில் யாரும் சீட்டு கேட்பதில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. டாக்டரைப் பார்க்க ஒருநாள் சம்பளம் போகும் என்பவருக்கு அந்த ட்யூப்தான் டாக்டர். கொல்கத்தா லோக்கல் ரயில்களில் 'தாத், ஹாஜா, சுல்கானி' என்று கூவி களிம்பு விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'தாத்' என்றால் படர்தாமரை, 'சுல்கானி' என்றால் அரிப்பு. தேவை அவ்வளவு இருக்கிறது. மருத்துவம் எட்டாத இடத்தை மலிவான களிம்பு நிரப்புகிறது.

அப்போ ஸ்டீராய்டே கெட்டதா?

இல்லை. 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் தோல் மருத்துவத்துக்குள் வந்தபோது அது பெரிய திருப்பம். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்றவற்றுக்கு, சரியான அளவில், சரியான நாட்களுக்கு ஸ்டீராய்டு நல்ல மருந்து. பூஞ்சைக்குப் பூசுவதும், முகம் வெளுக்கப் பூசுவதும்தான் சிக்கல்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

முதலில், இதுவரை பூசிய ட்யூப்களை எல்லாம் ஒரு போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மறைக்காதீர்கள். நோயைக் கண்டுபிடிக்க அதுதான் முக்கியத் துப்பு. பவானிபூரில் இருப்பவர்களுக்கு, உள்ளூர்க்காரர்கள் 'பி.ஜி.' என்று சொல்லும் எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. "தோலைச் சுரண்டி டெஸ்ட் பண்ணலாமா?" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். திட்டு மறைந்தபிறகும் டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும். பூஞ்சை மாத்திரைகள் சில கல்லீரலைப் பாதிக்கலாம், வேறு மருந்துகளோடு மோதலாம். அதனால் நண்பரின் சீட்டைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு எதையும் பகிர வேண்டாம். வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். அறைத்தோழருக்கோ வீட்டில் இருப்பவருக்கோ அரிப்பு இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறி வரும்.

எல்லா அரிப்பும் பூஞ்சை இல்லை. ராத்திரியில் வீடு முழுக்கச் சொறிந்தால் சிரங்காக இருக்கலாம். தோலில் எதுவுமே தெரியாமல் வாரக்கணக்கில் உடம்பெல்லாம் அரித்தால் தைராய்டு, கல்லீரல், சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். இது நீங்கள் 'சுத்தமில்லாதவர்' என்பதற்கான அடையாளம் இல்லை. சீட்டு கேட்காத கடை, பரிசோதிக்க நேரமில்லாத கிளினிக், மருந்துக்குப் பழகிப்போன பூஞ்சை என மூன்றும் சேர்ந்த சிக்கல் இது. கூச்சப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மாதமும் பூஞ்சைக்குத்தான் லாபம். அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் ட்யூபை நீட்டினால், பின்பக்கம் திருப்பி 'பீட்டாமெத்தசோன்', 'குளோபீட்டசால்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கவுன்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.