பொய்யர் பட்டம் யாருக்கு?

"பொய்ப் புகார் கொடுத்தால் உன்னையே உள்ளே தள்ளுவேன்." வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையப் படியேறும் தாழ்த்தப்பட்டவருக்குக் கிடைக்கும் முதல் சட்ட விளக்கம் பல நேரங்களில் இதுதான். சுவாமிமலை முதல் நாகப்பட்டினம் வரை வயல்வேலையை நம்பிப் பிழைக்கும் சேரிகளுக்கு இந்த மிரட்டல் புதிதல்ல. ஆனால் சட்டம் சொல்வது வேறு.

புகார் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 182, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 217. பொய் என்று தெரிந்தே, அதிகாரியைத் தவறான நடவடிக்கைக்குத் தூண்டவோ இன்னொருவர் மீது ஏவிவிடவோ சொன்னால்தான் குற்றம். தண்டனை ஓராண்டு வரை. அந்த அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் முறையிட்டால்தான் நீதிமன்றம் இதை ஏற்கும். பண்ணையார் தன் விருப்பத்துக்குத் தொடுக்கும் வழக்கல்ல இது. பொய்க் குற்றச்சாட்டுக்கான 248ஆம் பிரிவும் 'தெரிந்தே' என்பதை நிரூபிக்கச் சொல்கிறது.

வழக்கு ஏன் தோற்கிறது? சாட்சி சொன்னவர் மறுநாள் அதே மிராசுதாரின் வயலில்தான் கூலிக்கு நிற்க வேண்டும். அவர் பிறழ்ந்தால் புகார் பொய்யா? விசாரணை அதிகாரி அரைகுறையாக எழுதினால் அடிபட்டவர் பொய்யரா?

2018 மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றமே இந்தக் குழப்பத்தில் விழுந்தது. வன்கொடுமைச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று கூறி, கைதுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. நாடு கொந்தளித்தது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, வழக்குப் பதிவுக்கு முன் விசாரணை தேவையில்லை என்றது. 2019 அக்டோபர் 1 அன்று நீதிமன்றமும் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. இம்மக்கள் ஒரு வகுப்பாகவே பொய்ப் புகார் கொடுப்பார்கள் என்று அனுமானிக்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டது.

டெல்டாவுக்கு இந்த அனுமானம் பழையது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டு நிலவுடைமையாளர்களை விடுவித்தது உயர்நீதிமன்றம். சேரிக்காரரின் சொல்லைவிடப் பண்ணையாரின் அந்தஸ்து பெரிய சாட்சியாயிற்று.

பொய் சொல்பவரைத் தண்டிக்க வேண்டுமா? தாராளமாக. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(கியூ) எதற்கு இருக்கிறது? பட்டியலினத்தவருக்குத் தீங்கோ தொல்லையோ நேரும்படி, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. புகார் கொடுத்தவர் மீதே திருட்டு என்றும் தகராறு என்றும் இட்டுக்கட்டி 'எதிர்ப்புகார்' கொடுக்கும் ஆதிக்கச் சாதியினர் மீது ஏன் இந்தப் பிரிவு பாய்வதில்லை?

தோழர்களே, புகாரோடு போகும்போது இவற்றை மறவாதீர்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது 4ஆம் பிரிவின்படி அதிகாரியின் கடமை. வேண்டுமென்றே தவறினால் அவருக்கே தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். விசாரணையில் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். சட்டமே அதை விலக்கியிருக்கிறது.

பொய்யர் என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் வேலை. அதற்கு அஞ்சி உண்மையைச் சொல்லாமல் திரும்பி வருவது நம் வேலையல்ல.