இலையோரத்து உப்பு

இலை விரித்ததும் ஓரத்தில் உப்பு வைக்கின்றோம். குழம்பை நாவிலிட்டுப் பார்க்கும் முன்னரே விரல் அவ்வுப்பைத் தொடுகின்றது. குறை கண்டு இடுவதன்று அது, வெறுங் கைப்பழக்கம். கேட்டால், 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்னும் பழமொழியைத் துணைக்கழைப்பர். அப்பழமொழி உப்பு அறவே இல்லாத உணவைப் பழித்ததேயன்றி, மிகையுப்புக்கு இசைவு தரவில்லை. உப்பு சிறிது மிகினும் கேடென்பதை வள்ளுவரே 1302ஆம் குறளில் உவமையாக ஆண்டுள்ளார்.

வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணல் வேண்டும் என்கின்றது உலக நலவாழ்வு நிறுவனம். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி! குழம்பு, பொரியல், மோர், ஊறுகாய், அப்பளம், கருவாடு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். மிகையுப்பு குருதியழுத்தத்தை உயர்த்தி நெஞ்சாங்குலையையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றது. வெயிலில் வியர்வை சிந்தும் உழவரைக் காட்டி, நிழலில் அமர்ந்து எழுதும் நாம் ஊறுகாய்ச் சாடியைத் திறப்பது முறையாகுமா?

இந்துப்பு தீங்கற்றது என்றொரு பேச்சு இக்கால் உலவுகின்றது. பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவோரும் உளர். நிறம் வேறாயினும் அதன் பெரும்பகுதி கறியுப்பின் பொருளே. போதாக்குறைக்கு, கழுத்துக் கழலையைத் தடுக்கும் அயோடின் சேர்க்கப்படாமலும் அது விற்கப்படுகின்றது.

எம் வீட்டில் சோறு உப்பின்றியே வடிக்கப்படும். உப்புச் சாடி அடுக்களையை விட்டு வெளிவாராது. தொடக்கத்தில் நா முரண்டு பிடித்தது. ஓரிரு திங்களில் கீரையின் சுவையும் அவரையின் சுவையும் தனித்தனியே தெரியலாயின. விருந்தினர் உப்புக் கேட்பின், "முதலில் ஒரு வாய் உண்டு பாருங்கள்" என்பேன்.